தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ரங்கூன் பக்கத்துச் சிரியத்தில் (தன்லின் என்று எழுதினாலும் நம் வீடுகளில் இன்னும் சிரியம்தான்) புது வீடு கட்டிக் குடிபோன தங்கை ஒருவர் கேட்டது இது: “அக்கா, போன மழைக்கு நாலு வகை இஞ்சிப் பூச்செடி வைத்தேன். வெள்ளைச் சௌகந்திகா, ரோஸ் நிறத்தில் தாமரை மொட்டு மாதிரி பூக்கும் மஞ்சள் ஜாதி ஒன்று, சிவப்பு இஞ்சி, அப்புறம் பகோடாவில் வைக்கிறார்களே, பொன் நிறத்தில் சின்னச் சின்னதாகத் தொங்கும் பூ, அது. புரட்டாசி வரை கண்ணுக்கு நிறைவாக இருந்தன. கார்த்திகையில் இலை பழுத்துச் சாய ஆரம்பித்ததும் பயந்துபோய் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன், யூரியாவும் போட்டேன். தை மாதம் தோண்டிப் பார்த்தால் இரண்டு வகைக் கிழங்கு கூழாகி நாறுகிறது. சிவப்பு இஞ்சியும் சௌகந்திகாவும் மட்டும் நிற்கின்றன. நான் என்ன தப்புச் செய்தேன்? நம் மண்ணுக்கு எது சரிப்படும்?”

உங்கள் செடிக்கு நோய் எதுவும் வரவில்லை, தங்கை. அது தூங்கப் போயிற்று. தூங்குகிற கிழங்கின் மேல் ஊற்றிய தண்ணீர்தான் அதை அழுக வைத்தது.

மஞ்சளை நினைத்துப் பாருங்கள், எல்லாம் விளங்கிவிடும். பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தில் இலை இன்னும் பச்சையாக இருக்கும். அதே பாத்தியை மாசி கடைசியில் போய்ப் பார்த்தால் தாள் முழுக்கக் காய்ந்து தரையில் படுத்திருக்கும். மஞ்சள் போடுகிறவர் யாரும் அதைப் பார்த்து ‘ஐயோ, செடி போச்சே’ என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற மாட்டார். தாள் காய்ந்தால் கிழங்கு முற்றிவிட்டது, தோண்டலாம் என்று கணக்கு. நீங்கள் வைத்த ரோஸ் பூச்செடியும் பகோடாப் பூச்செடியும் அந்த மஞ்சளின் சொந்தக்காரர்கள். குடும்பம் ஒன்று, பழக்கமும் ஒன்று.

இந்த இஞ்சிக் குடும்பத்தில் ஏறக்குறைய 50 பேரினங்கள், 1,500-க்கு மேல் இனங்கள். சமையலறையில் இருக்கும் இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், பேரரத்தை எல்லாம் அதில் சேர்த்தி. நம் பர்மா, சியாம், அசாம் பக்கத்துக் காடுகளில் வளர்ந்த வகைகள் பருவமழைக்கென்றே பிறந்தவை. ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. ஏறக்குறைய அத்தனையும் மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஒரு சொட்டுக் கொடுப்பதே அபூர்வம். இப்படிப்பட்ட ஊரில் காட்டில் கிடக்கும் செடி என்ன செய்யும்? ஆறு மாதத்தில் இலை விட்டு, பூத்து, சேர்த்ததை எல்லாம் கிழங்கில் மாவாக இறக்கி வைத்துவிட்டு, மேலே இருப்பதை உதறிவிடும்.

‘நான்தான் தண்ணீர் ஊற்றினேனே, பிறகு ஏன் சாய்ந்தது?’ என்று கேட்பீர்கள். இந்த ஜாதியில் பல வகைகள் மண்ணின் ஈரத்தோடு பகலின் நீளத்தையும் கணக்குப் பார்க்கின்றன. நம் ஊரில் ஜூன் மாதம் பகல் 13 மணி நேரம், டிசம்பரில் 11 மணி நேரம் சொச்சம். பகல் குறைந்ததும் ‘சரி, நேரமாயிற்று’ என்று இலையைக் கீழே விடுகின்றன. இலை போன பிறகு தண்ணீரை இழுத்து ஆவியாக்க எதுவும் இல்லை. ஊற்றியது அத்தனையும் கிழங்கைச் சுற்றியே நின்றது. யூரியா அதற்கு மேல் ஒரு அடி: தூங்கப் போகிற நேரத்தில் கிழங்கு முற்றி இறுக வேண்டும், தழைச்சத்து அதை இளக்கமாக வைக்கும். இளங்கிழங்கு சீக்கிரம் அழுகும்.

அப்படியானால் சிவப்பு இஞ்சி ஏன் பிழைத்தது? அது நம் பக்கத்துச் செடியே அல்ல. பசிபிக் தீவுகளில், நியூ கலெடோனியா, சாலமன் தீவுகள் பக்கம், ஆண்டு முழுக்க மழை பெய்யும் இடத்தில் பிறந்தது. அதற்குத் தூங்கத் தெரியாது. அதற்குக் கோடையில் தண்ணீர் நிறுத்தினால்தான் இலை நுனி கருகும். ஆகவே செடி வாங்கும்போது பூ நிறம் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது தூங்குகிற ஜாதியா, விழித்திருக்கிற ஜாதியா? இரண்டையும் ஒரே பாத்தியில் வைக்காதீர்கள். ஒன்றுக்கு ஊற்றும் தண்ணீர் மற்றதைக் கொல்லும். ஆண்டுக்கணக்காக இஞ்சி வளர்த்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். என் வீட்டிலும் முதல் குளோபாத் தொட்டியை (குளோபா என்பது அந்தப் பகோடாப் பூச்செடிதான்) இதே மாதிரிதான் இழந்தேன். வராந்தாவில் ரோஜாத் தொட்டிகளோடு வரிசையில் வைத்து, அவற்றுக்கு ஊற்றும் கையோடு இதற்கும் ஊற்றினேன்.

தூங்குகிறவை: குர்குமா என்கிற மஞ்சள் ஜாதி பெரும்பாலும், குளோபா, கெம்ஃபேரியா, காட்டு இஞ்சிகள். விழித்திருக்கிறவை: சிவப்பு இஞ்சி, சங்கு மாதிரி வெள்ளை மொட்டு தொங்கும் அல்பினியா, டார்ச் ஜிஞ்சர். நடுவில் நிற்பது சௌகந்திகா. வாய்க்கால் ஓரத்தில் ஈரம் இருந்தால் பசுமையாகவே நிற்கும், காய்ந்தால் அதுவும் சாய்ந்துவிடும். உங்களுடையது பிழைத்ததற்கு அதுதான் காரணம்.

இனி ஒவ்வொன்றாக.

சௌகந்திகாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பர்மியர் இதை ங்வே பன் என்பார்கள், வெள்ளிப் பூ. கொண்டையில் வைப்பார்கள், புத்தருக்கு வைப்பார்கள். செடி ஆள் உயரம் வளரும். மழைக்காலத்துச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டு அவிழும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வாசனை வந்து சொல்லிவிடும். ஒரு நாள் ஒரு பூவைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி மாதிரி மூன்று அகலமான வெள்ளை ஏடுகள் தெரியும். அவை இதழ்கள் அல்ல. உண்மையான இதழ்கள் அவற்றுக்குக் கீழே மூன்று மெல்லிய நாடாக்களாகச் சுருண்டு தொங்கும். மேலே அகலமாக விரிந்தவை மகரந்தம் தருவதை விட்டுவிட்டு இதழ் வேஷம் போட்ட கேசரங்கள். நுனி பிளந்த பெரிய ஏடு, அப்படி இரண்டு கேசரம் ஒட்டி ஒன்றானது. மகரந்தம் தருவதற்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேசரம். அதன் முதுகுப் பள்ளத்தில் படுத்து, மகரந்தப் பையின் இரண்டு பாதிக்கும் நடுவே நுழைந்து, நுனியில் ஒரு பச்சைப் புள்ளியாக எட்டிப் பார்ப்பது சூல்தண்டு. அடியில் விரல் நீளத்துக்குக் குழாய், அதற்குள் தேன். அத்தனை ஆழத்துக்கு நாக்கு நீளும் இராப்பூச்சிக்காகத்தான் இந்த வெள்ளையும் இந்த வாசனையும். மறுநாள் வெயில் ஏறினால் மெல்ல மஞ்சள் பாய்ந்து வாடிவிடும், ஆனால் அதே கொத்தில் அடுத்த மொட்டு தயாராக இருக்கும். பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அதை அடியோடு வெட்டுங்கள், பக்கத்தில் புதுத் தண்டு வரும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. இந்தச் செடியும் இதன் மஞ்சள் நிறச் சகோதரிகளும் ரீயூனியன், ஹவாய், தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில் காட்டுக்குள் புகுந்து அங்கிருக்கும் செடிகளை நெருக்கிவிட்டன. தென்னாப்பிரிக்காவில் வளர்க்கவே சட்டத்தில் தடை. டர்பனிலோ மொரீஷியஸிலோ உறவினர் இருந்து கிழங்கு கேட்டால் ஆசைக்காகக்கூடக் கொடுத்தனுப்பாதீர்கள். இங்கே இது தன் சொந்த வட்டாரத்தில் இருக்கிறது, நமக்கு அந்தக் கவலை இல்லை.

உங்கள் ரோஸ் பூ குர்குமா அலிஸ்மாடிஃபோலியா. சியாம் துலிப் என்று விற்பார்கள். ரோஸ் நிறத்தில் தெரிவது பூவே அல்ல, பூவடி இலை. உண்மையான பூ கீழே பச்சை மடல்களுக்குள் ஊதா உதட்டோடு சின்னதாக இருக்கும். பூவடி இலை என்பதால்தான் ஜாடியில் வைத்தால் பத்து நாளுக்கு மேல் வாடாமல் இருக்கிறது. சுவாமி படத்துக்கு முன்னால் வைக்க இதைவிடச் சிக்கனமான பூ கிடையாது. இதன் கிழங்கைத் தோண்டினால் அடியில் வெள்ளையாக முட்டை முட்டையாகத் தொங்கும். அதை வேர்முடிச்சு நோய் என்று நினைத்துப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். தண்ணீரும் மாவும் சேர்த்து வைத்த உருண்டைகள் அவை. நாலைந்து உருண்டையோடு இருக்கும் கிழங்கு சீக்கிரம் முளைத்துச் சீக்கிரம் பூக்கும். வாங்கும்போதும் அதை எண்ணிப் பார்த்தே வாங்குங்கள்.

பகோடாப் பூ, குளோபா. பர்மிய மொழியில் பதேய்ன் ஙோ. நம் மொழியில் சொன்னால் ‘தட்டான் அழுதான்’. இந்த அழகைப் பொன்னில் செய்ய முடியவில்லையே என்று தட்டான் உட்கார்ந்து அழுதானாம். பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். வெள்ளை அல்லது ஊதாப் பூவடி இலைகளுக்கு நடுவிலிருந்து, மயிரிழைக் காம்பில், கழுத்தை வளைத்த அன்னம் மாதிரி மஞ்சள் பூ ஆடும். வாஸோ மாதம், அதாவது நமக்கு ஆனி, ஆடி வாக்கில், பகோடா வாசலில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அதில் காட்டிலிருந்து பறித்து வருவது நிறைய. அதனால்தான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: இதை வீட்டில் வளருங்கள். ஒன்றரை அடி உயரம்தான், தொட்டி போதும், மரநிழல் போதும். சில வகைகளில் பூங்கொத்திலேயே அரிசி மாதிரி குட்டிக் கிழங்குகள் வைக்கும். அவை உதிரும் முன் பொறுக்கிப் போட்டால் அடுத்த மழைக்கு ஒரு தட்டு நிறையச் செடி.

இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்: கெம்ஃபேரியா ரொட்டுண்டா, பூமிச் சம்பா. இது இலைக்கு முன்னால் பூக்கும். வெறும் மண், ஒரு புல் கூட இல்லை. முதல் சாரல் விழுந்த சில நாளில் அந்த மண்ணிலிருந்தே நேராக வெள்ளையும் ஊதாவுமாகப் பூ விரியும். அந்த இடத்தில் ஒரு கல்லோ குச்சியோ அடையாளம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது மிதித்துவிடுவார்கள்.

சிவப்பு இஞ்சியைப் பெருக்க அதன் கிழங்கை வெட்ட வேண்டியதே இல்லை. முற்றிய சிவப்புக் கொத்தில் மடல்களுக்கு இடையே குட்டிச் செடி முளைத்துத் தொங்கும்; கொத்தைச் சாய்த்து மண்ணில் படும்படி வைத்தால் வேர் பிடிக்கும். டார்ச் ஜிஞ்சர் அழகுதான், ஆனால் பத்துப் பன்னிரண்டு அடி வளரும், சுற்றிலும் பரவும். சிறிய முற்றத்துக்கு நான் சொல்ல மாட்டேன். மேமியோவில் இருப்பவர்கள் அதை விட்டுவிடலாம், அங்கத்திய மார்கழிக் குளிர் அதற்கு ஆகாது. பேரரத்தை வேண்டுமென்றால் ரங்கூன் காளி கோயில் பக்கத்துத் தெயின்ஜி ஜே சந்தையில் பதெகோ என்று கேட்டு, காயாத, கண் உள்ள கிழங்காக அரை வீசை வாங்கினால் நடுவதற்கும் ரசத்துக்கும் சேர்த்து ஆகும்.

எப்போது நடுவது? திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் ஊரே தண்ணீரில் நனைந்த பின், முதல் கோடை மழை விழுந்து பிடாவ் மரம் ஒரே நாளில் பொன்னாகப் பூக்குமே, அதுதான் நாள். பஞ்சாங்கத்தைவிட அந்த மரத்தை நம்பலாம். கிழங்கும் அதே மழையைக் கேட்டுத்தான் கண் திறக்கிறது. அதற்கு முன் நட்டு ஊற்றிக்கொண்டிருந்தால் அழுகும், வைகாசி கடந்து நட்டால் பூக்க நேரம் போதாது.

மண் விஷயத்தில் சிரியமும் ரங்கூனும் ஒன்றுதான். மேலே செம்மண், கொஞ்சம் தோண்டினால் இறுகிய களி. ஆடி மாதம் குழி வெட்டிப் பாருங்கள், அரை மணியில் கிணறாகிவிடும். இஞ்சிக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. ஆகவே குழி வெட்டாதீர்கள், மேடு கட்டுங்கள். ஒரு அடி உயரம், இரண்டரை அடி அகலம். நம் மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, கரிந்த உமி ஒரு பங்கு. நெல் ஆலை இருக்கும் ஊரில் உமிக்கா பஞ்சம்? சும்மா கொட்டி எரிக்கிறார்கள். பச்சை உமி வேண்டாம், கருக்கிய உமிதான் நல்லது. கிழங்கைக் கண் மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழத்தில் படுக்க வைத்து மூடுங்கள். ஆழமாகப் புதைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். அது மேலேயே இருக்க விரும்புகிற கிழங்கு. வெட்டிய கிழங்கென்றால் வெட்டுவாயில் சாம்பல் தடவி இரண்டு நாள் நிழலில் உலர்த்தியபின் நடுங்கள். முளை வந்ததும் வைக்கோல் மூடாக்கு. பிறகு மழை பார்த்துக்கொள்ளும். ஆனி, ஆடி, ஆவணி மாதத்துக்கு ஒருமுறை சாணமும் அடுப்புச் சாம்பலும் போதும். புரட்டாசியோடு எல்லா உரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

வெயில் பற்றி: சியாம் துலிப்புக்கு நல்ல வெயில் வேண்டும். மற்றவற்றுக்குக் காலை வெயில், மத்தியானம் நிழல். 2008 மே மாதம் நர்கிஸ் அடித்தபோது எங்கள் மாமரம் வேரோடு சாய்ந்தது. அதன் கீழ் அப்போதுதான் முளைவிட்டிருந்த இஞ்சிகளுக்குப் புயலால் ஒன்றும் ஆகவில்லை. மண்ணுக்குள் இருந்த கிழங்கைக் காற்று என்ன செய்யும்? ஆனால் அந்த ஆண்டு நிழல் இல்லாமல் மழை ஓய்ந்த நாட்களில் இலைகள் எல்லாம் விளிம்பு வெளுத்துக் காகிதமாயின. மூங்கில் தட்டி கட்டித்தான் காப்பாற்றினோம். இப்போது அங்கே வாழை வைத்திருக்கிறேன். எட்டே மாதத்தில் நிழல் கொடுத்தது.

நோயில் இரண்டைத்தான் பயப்பட வேண்டும். ஒன்று அழுகல், அது பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதால் வருவது. மேடு கட்டினால் பாதி தீர்ந்தது. மற்றது பாக்டீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி மத்தியானம் துவண்டு, இரண்டு மூன்று நாளில் முழுக்கச் சாயும். சந்தேகம் வந்தால் தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடித் தம்ளரில் சுத்தமான தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் அதுதான். மருந்து கிடையாது. கிழங்கையும் சுற்றியுள்ள மண்ணையும் எடுத்து அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள், கத்தியைத் தீயில் காட்டுங்கள். அந்த இடத்தில் அடுத்த சில ஆண்டு இஞ்சி, மஞ்சள் மட்டுமல்ல, தக்காளி, கத்தரி, மிளகாயும் வேண்டாம். அதே கிருமி அவற்றையும் பிடிக்கும். கார்த்திகையில் வரும் பழுப்போடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: தூங்கப் போகும் செடி மஞ்சளாகி மெதுவாக, வாரக்கணக்கில் சாயும், நோய் வந்தது பச்சையாகவே சட்டென்று துவளும்.

இலை பீடி மாதிரி சுருட்டப்பட்டிருந்தால் உள்ளே பச்சைப் புழு இருக்கும், கையால் நசுக்கினால் போதும். தண்டில் ஓட்டையும் மரத்தூள் மாதிரி எச்சமும் தெரிந்தால் துளைப்பான். அந்தத் தண்டை வெட்டி எரித்துவிடுங்கள்.

இலை பழுத்ததும் செய்ய வேண்டியது மிகச் சுலபம். தண்ணீரைக் குறைத்து, பாதி இலை பழுத்ததும் அடியோடு நிறுத்துங்கள். பச்சையாக இருக்கும் இலையை வெட்டாதீர்கள், அதிலிருப்பது இன்னும் கிழங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. தானாகக் காய்ந்து கையோடு வந்தால் எடுங்கள். தொட்டியை இறவாரத்துக்குள் தள்ளி, வேலைக்காரப் பெண்ணோ பிள்ளைகளோ தெரியாமல் தண்ணீர் ஊற்றாதபடி படுக்க வைத்துவிடுங்கள். என் வீட்டில் அப்படித்தான், படுத்திருக்கும் தொட்டிக்கு யாரும் ஊற்றுவதில்லை. மண்ணில் இருப்பவை இருந்த இடத்திலேயே கிடக்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்தால் போதும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கூழை எறிந்துவிடாதீர்கள். ஒரு பழைய தட்டில் போட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்குவதை எல்லாம் ஒதுக்குங்கள். கட்டைவிரல் அளவுக்காவது கெட்டியாக, உள்ளே வெட்டினால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சுத்தமாக இருக்கும் துண்டு ஒன்றிரண்டு நிச்சயம் கிடைக்கும். ஒரு கண் இருந்தால் போதும். அழுகலைச் சுத்தமாகச் சீவி, சாம்பல் தடவி, நாலு நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில் புதைத்து, மூடாமல் அலமாரிக்கு மேல் வையுங்கள். பிடாவ் பூக்கும் வரை அதைத் தொட வேண்டாம்.